மனிதர்களிடையே வாழ்ந்த வழக்கறிஞர்: தாடியஸ் ஸ்டீவன்ஸ்

1821ஆம் ஆண்டு பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண், தானும் தன் பிள்ளைகளும் சுதந்திரமானவர்கள் என்று தீர்ப்பளிக்கும்படி கேட்டிருந்தார். மேரிலாந்தைச் சேர்ந்த ஒருவரின் அடிமையாக இருந்த அவர், எல்லை தாண்டிப் பென்சில்வேனியாவுக்குப் பலமுறை அழைத்து வரப்பட்டவர். 1780ஆம் ஆண்டின் பென்சில்வேனியச் சட்டப்படி, வெளி மாநிலத்து அடிமை ஒருவரை ஆறு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் அவர் விடுதலை பெற்றுவிடுவார். வந்து தங்கிய நாட்களைக் கூட்டினால் அந்த அளவைத் தாண்டுகிறது என்றது பட்லர் தரப்பு. ஆறு மாதமும் இடைவெளியின்றித் தொடர்ந்திருக்க வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. எதிர்த்தரப்பு வென்றது, தாயும் பிள்ளைகளும் அடிமைகளாகவே இருக்க நேர்ந்தது. உடைமையாளருக்காக வாதாடி அந்த வெற்றியைப் பெற்றுத் தந்தவர், கெட்டிஸ்பர்க்கில் தொழில் நடத்திவந்த இளம் வழக்கறிஞர் தாடியஸ் ஸ்டீவன்ஸ்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் அடிமை முறைக்கு எதிராக ஒலித்த மிகக் கடுமையான குரல் என்று வரலாறு நினைவில் வைத்திருக்கும் ஸ்டீவன்ஸும் இவரேதான். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1823 ஜூலை 4 சுதந்திர தின விருந்தில், நாட்டின் அடுத்த குடியரசுத் தலைவர் எந்த மனிதனுக்கும் அடிமை விலங்கு பூட்டாத ஒருவராக இருக்கட்டும் என்று அவர் வாழ்த்துரை கூறினார். அதன்பின் தப்பி வந்த அடிமைகளுக்காகவே அவர் நீதிமன்றங்களில் நின்றார். அவரைப் பற்றி எழுதுபவர்கள் இந்த மாற்றத்தை மனமாற்றமாகவே பெரும்பாலும் விளக்குகிறார்கள். நான் அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். ஒரு சட்டப் பிரிவில் இருக்கும் சிறு இடைவெளி ஒரு குடும்பத்தின் வாழ்நாளையே விழுங்கிவிடும் என்பதை, அந்த இடைவெளியைப் பயன்படுத்தி வென்றவராகவே அவர் கண்கூடாகப் பார்த்தார். பிறகு காங்கிரஸில் அவர் செய்த பணிகளை வரிசையாகப் படித்தால், ஓட்டை எங்கே இருக்கிறது, அதை யார் பயன்படுத்துவார்கள், எப்படி முன்கூட்டியே அடைப்பது என்ற கேள்விதான் மீண்டும் மீண்டும் தெரிகிறது.

1792 ஏப்ரல் 4 அன்று வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் என்ற ஊரில், வளைந்த பாதத்தோடு பிறந்தவர் ஸ்டீவன்ஸ். நான்கு பிள்ளைகளையும் மனைவியையும் விட்டுவிட்டுத் தந்தை போய்விட்டார். தாய் சாலி, பிள்ளைகளின் படிப்புக்காகவே பள்ளிக்கூடம் இருந்த பீச்சம் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து, உடலுழைப்பால் அவர்களை வளர்த்தார். 1814இல் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் பெற்ற ஸ்டீவன்ஸ், பென்சில்வேனியாவின் யார்க் நகரில் ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தார். வேறு தொழில் செய்துகொண்டு சட்டம் படிப்பவர்களைச் சேர்ப்பதில்லை என்ற அந்த ஊர் வழக்கறிஞர்களின் விதி குறுக்கே நின்றதால், மாநில எல்லையைத் தாண்டி மேரிலாந்தின் பெல் ஏர் நகருக்குப் போய்த் தேர்வெழுதி 1816இல் வழக்கறிஞரானார். கெட்டிஸ்பர்க்கில் பெயரும் பணமும் சேர்ந்தன; நிலம் வாங்கினார்; கலடோனியா என்ற இரும்பு உலையைத் தொடங்கினார். அந்த உலை அவருக்கு வாழ்நாள் முழுவதும் கடனையே கொடுத்தது.

மேசன்கள் என்ற இரகசியச் சங்கத்தை எதிர்த்து உருவான கட்சியின் வழியாகத்தான் அவர் அரசியலுக்கு வந்தார். அந்த எதிர்ப்பில் அவர் காட்டிய ஆவேசம் இன்று படிக்கும்போது மிகையாகவே தோன்றுகிறது. 1838 தேர்தலில் யார் வென்றார்கள் என்ற தகராறில் மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் சட்டமன்றத்துக்குள் கூட்டம் புகுந்தபோது, அவர் சன்னல் வழியாக வெளியேறித் தப்ப வேண்டியிருந்தது. அந்தத் தகராறு அந்த அளவுக்கு முற்றியதில் அவருடைய கட்சித் தந்திரங்களுக்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே காலத்தில் அவர் செய்த ஒரு காரியத்துக்காகவே பென்சில்வேனியா அவருக்கு என்றும் கடன்பட்டிருக்கிறது. 1834இல் அந்த மாநிலம் பொதுவரியில் நடக்கும் இலவசப் பள்ளிகளுக்கான சட்டத்தை இயற்றியது. வரி கட்ட வேண்டியவர்கள் கொதித்தெழுந்தார்கள். சொந்தமாகச் சமயப் பள்ளிகள் நடத்திய ஜெர்மானியச் சபையினரும், பிள்ளைகள் இல்லாத நிலவுடைமையாளர்களும், சிக்கனமான விவசாயிகளும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே மாநில செனட் அந்தச் சட்டத்தை ரத்து செய்ய வாக்களித்துவிட்டது. ஸ்டீவன்ஸின் தொகுதி மக்களிலும் பலர் ரத்தையே விரும்பினார்கள். இந்த நிலையில்தான் 1835 ஏப்ரல் 11 அன்று அவர் பிரதிநிதிகள் சபையில் எழுந்து பேசினார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி நிலைக்க வேண்டுமானால் வாக்களிக்கும் ஒவ்வொருவருக்கும் போதிய அறிவு வேண்டும் என்று தொடங்கியவர், வரியைப் பற்றிப் புகார் சொன்னவர்களை நோக்கி ஒரு கேள்வி கேட்டார். குற்றவாளிகளைத் தண்டிக்கவும் சிறையில் வைத்துச் சோறு போடவும் வசூலிக்கப்படும் வரியை முகம் கோணாமல் கட்டுகிறவர், சக மனிதன் குற்றவாளியாகாமல் தடுக்கும் வரிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூச்சல் போடுகிறார் என்பதே அந்தக் கேள்வி. பேச்சு முடிந்தபின் நடந்த வாக்கெடுப்பில் பள்ளிச் சட்டம் பிழைத்தது. ஒரே ஒரு பேச்சு அவையின் முடிவைத் திருப்பிய நிகழ்வுகள் நாடாளுமன்ற வரலாறுகளில் மிகக் குறைவு. அவற்றுள் இதை முன்வரிசையில் வைப்பேன். பள்ளிக்கூடத்துக்காக ஊர் மாறிய தாயின் மகன் பேசிய பேச்சு அது.

சில ஆண்டுகளில் மாநில அரசமைப்பைத் திருத்த ஒரு மாநாடு கூடியது. வாக்குரிமை வெள்ளையருக்கு மட்டும் என்று அது எழுதியதால், அதன் உறுப்பினராக இருந்தும் ஸ்டீவன்ஸ் அந்த ஆவணத்தில் கையெழுத்திட மறுத்தார்.

1842இல், இரும்பு உலையின் கடனை அடைப்பதற்காக, வழக்குகள் அதிகம் வரும் லங்காஸ்டர் நகருக்கு அவர் குடிபெயர்ந்தார். வெகுவிரைவிலேயே அந்த வட்டாரத்தின் முதன்மை வழக்கறிஞர்களில் ஒருவரானார். லிடியா ஹாமில்டன் ஸ்மித் என்ற கலப்பினப் பெண் அவர் வீட்டை நிர்வகிக்க வந்ததும், அவர் சாகும்வரை இருபது ஆண்டுகள் உடனிருந்ததும் அங்கிருந்து தொடங்கியவை. அவர்களுடைய உறவைப் பற்றி எதிரிகள் பரப்பிய வதந்திகளுக்கு அளவில்லை. அவற்றுக்கு உறுதியான சான்று எதுவும் கிடைத்ததில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது, திருமணமே செய்துகொள்ளாத ஸ்டீவன்ஸ் அவரைத் திருமதி ஸ்மித் என்று மதிப்புடன் அழைத்தார் என்பதும், லிடியா தன் சொந்த முயற்சியில் வீடுகளும் விடுதிகளும் வாங்கி நடத்திய திறமையான தொழில் முனைவோர் என்பதும்தான். 2002இல் லங்காஸ்டரில் ஸ்டீவன்ஸ் வீட்டருகே நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட நிலத்தடி நீர்த்தொட்டியை, தப்பி வந்தவர்கள் ஒளிந்துகொள்ளப் பயன்பட்ட இடமாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

1849இல், அன்றைய இரு பெரும் கட்சிகளில் ஒன்றான விக் கட்சியின் சார்பில் முதன்முறையாகக் காங்கிரஸுக்குப் போனார். மறு ஆண்டு நிறைவேறிய தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை அவர் எதிர்த்ததற்கான காரணம் புரிய வேண்டுமானால், அதன் ஒரு பிரிவைப் பார்த்தாலே போதும். பிடிபட்டவரை உடைமையாளரிடம் ஒப்படைக்கும்படி உத்தரவிட்டால், வழக்கை விசாரிக்கும் ஆணையருக்குப் பத்து டாலர் கட்டணம்; விடுவித்தால் ஐந்து டாலர். பிடிபட்டவருக்கு நடுவர் குழு விசாரணை கிடையாது. தன் தரப்பில் சாட்சி சொல்லவும் அவருக்கு உரிமை கிடையாது.

அந்தச் சட்டத்தின் சோதனை அவருடைய சொந்த மாவட்டத்திலேயே வந்தது. 1851 செப்டம்பர் 11 அன்று, மேரிலாந்து உடைமையாளர் எட்வர்ட் கோர்சச், தப்பியவர்களைப் பிடிக்கக் கிறிஸ்டியானா என்ற ஊருக்கு ஆட்களுடன் வந்தார். கறுப்பின மக்கள் ஆயுதமேந்தி எதிர்த்ததில் கோர்சச் கொல்லப்பட்டார். பிடிக்க வந்தவர்களுக்கு உதவ மறுத்த காஸ்ட்னர் ஹான்வே என்ற மாவு ஆலைக்காரர் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் மீது அரசாங்கம் தேசத்துரோக வழக்குத் தொடுத்தது. ஹான்வேக்காக வாதாடிய குழுவில் ஸ்டீவன்ஸும் இருந்தார். ஆனால் அடிமை எதிர்ப்பாளர் என்று ஊரறிந்த தன் முகம் நடுவர் குழுவின் முன் கட்சிக்காரருக்குப் பாதகமாகிவிடக்கூடும் என்பதால், முதன்மை வாதத்தை ஜான் ரீட் என்ற வழக்கறிஞரிடம் விட்டுக்கொடுத்துப் பின்னால் நின்றார். பதினைந்தே நிமிடத்தில் நடுவர் குழு ஹான்வேயை விடுவித்தது. தன் பெயருக்காக அல்லாமல் கட்சிக்காரருக்காக வாதாடும் வழக்கறிஞரை இங்கே காண்கிறேன்; பின்னாளில் அவரை வெறும் ஆவேசக்காரராகச் சித்திரித்தவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவில்லை.

இடையில் காங்கிரஸை விட்டு விலகியிருந்தவர், புதிய குடியரசுக் கட்சியின் சார்பில் 1859இல் திரும்பி வந்தார். அடிமை முறையைக் காக்கத் தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, வரி, கடன், செலவு ஆகிய மூன்றையும் அன்று ஒருசேரக் கையாண்ட வழிவகைக் குழுவின் தலைவராக இருந்தார். படைக்குச் சம்பளமும் உணவும் துப்பாக்கியும் தடையின்றிப் போகவேண்டிய பொறுப்பு அது. 1862 பிப்ரவரியில் 15 கோடி டாலர் மதிப்புள்ள காகிதப் பணத்தை வெளியிட வழிசெய்த சட்டத்தை அவர் சபையில் நிறைவேற்றித் தந்தார். கடன் பத்திரங்களின் வட்டியை மட்டும் நாணயமாகத் தரவேண்டும் என்று செனட் சேர்த்த திருத்தத்தை அவர் எதிர்த்தார். போர்வீரனுக்குக் காகிதம், வட்டி வாங்குபவருக்குத் தங்கம் என்ற ஏற்பாடு அநியாயமானது என்பது அவர் வாதம். அதில் அவர் தோற்றார். 1863 ஜூனில், கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாட்கள் முன்பு, தெற்குப் படைத்தளபதி ஜூபல் எர்லியின் ஆட்கள் கலடோனியா உலையைக் கொளுத்தித் தரைமட்டமாக்கினார்கள். அடிமை முறையின் சுவடே இல்லாமல் நாடு மீண்டும் ஒன்றாகுமானால் இந்த இழப்பு மலிவான விலையே என்று அவர் கடிதத்தில் எழுதினார்.

போர் முடிந்தபின் 1865 டிசம்பர் 4 அன்று நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். லிங்கனுக்குப் பின் பதவியேற்ற ஆண்ட்ரூ ஜான்சன், தெற்கு மாநிலங்களுக்குத் தாராளமாக மன்னிப்பு வழங்க, அவை அவசர அவசரமாகத் தேர்தல் நடத்தின. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஜார்ஜியா செனட்டுக்குத் தேர்ந்தெடுத்த ஒருவர், தெற்கின் கிளர்ச்சி அரசின் துணைத் தலைவராக இருந்த அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் ஆவார். பெயர் ஒற்றுமை தற்செயல்தான். தெற்கு தேர்ந்தெடுத்த இத்தகையவர்கள் உள்ளே வந்து அமர்ந்துவிட்டால் விடுதலை பெற்றோருக்கான எந்தச் சட்டமும் நிறைவேறாது. அவை கூடும்போது அவைச் செயலாளர்தான் உறுப்பினர் பட்டியலை வாசிப்பார். பட்டியலில் பெயர் இல்லாதவர் அந்த நேரத்தில் உறுப்பினர் அல்ல. அன்றைய செயலாளர் எட்வர்ட் மெக்பர்சன், ஸ்டீவன்ஸின் பழைய கெட்டிஸ்பர்க் நண்பர். அவர் தெற்கு மாநிலப் பெயர்களை வாசிக்காமலே தாண்டிச் சென்றார். டென்னசியின் ஹோரஸ் மேனார்ட், போர்க்காலம் முழுவதும் ஒன்றியத்துக்கு விசுவாசமாக இருந்தவர், எழுந்து பேச முயன்றார், அனுமதி கிடைக்கவில்லை. எதிர்க்கட்சியினர் ஆட்சேபித்தபோது, காரணத்தை விளக்கட்டுமா என்று செயலாளர் கேட்டார். தேவையில்லை, எங்களுக்கு எல்லாம் தெரியும் என்றார் ஸ்டீவன்ஸ். துப்பாக்கியும் வீராவேச உரையும் இல்லாமல், ஒரு பெயர்ப் பட்டியலைக் கொண்டே நாட்டின் போக்கு அன்று மாறியது. மேனார்டுக்கு அது அநீதிதான். ஆனால் அவர் ஒருவருக்காகக் கதவைத் திறந்திருந்தால், அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களைத் தடுக்க விதி எதுவும் மிஞ்சியிருக்காது.

அடுத்த ஆண்டு, கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை அளிக்கும் சட்டத்தை ஜான்சனின் வீட்டோவையும் மீறிக் காங்கிரஸ் நிறைவேற்றியது. அதுவே போதாதா என்று பலர் கேட்டார்கள். தெற்கத்தியரும் அவர்களுடைய வடக்குக் கூட்டாளிகளும் காங்கிரஸைக் கைப்பற்றும் முதல் நாளிலேயே அந்தச் சட்டம் ரத்தாகிவிடும், அதனால் அரசமைப்பிலேயே எழுதிவிட வேண்டும் என்று பதில் சொன்னார் ஸ்டீவன்ஸ். குடியுரிமையையும் சட்டத்தின் சமமான பாதுகாப்பையும் உறுதிசெய்த பதினான்காவது திருத்தத்தின் முதல் பிரிவைப் பெரும்பாலும் எழுதியவர் ஓஹையோவின் ஜான் பிங்கம் என்ற இன்னொரு வழக்கறிஞர். சபையில் அதை நகர்த்திச் சென்ற தலைமை ஸ்டீவன்ஸுடையது. ஆனால் இறுதி வடிவம் அவருக்கு நிறைவு தரவில்லை. கறுப்பினத்தவருக்கு வாக்குரிமையை அது நேரடியாகத் தரவில்லை. 1866 ஜூன் 13 அன்று, வாக்கெடுப்புக்கு முன் அவர் பேசியது, அவர் பேச்சுகளிலேயே எனக்கு மிக நெருக்கமானது. இளமையிலும் முதுமையிலும் தான் கண்டுவந்த சமத்துவக் கனவு கலைந்துவிட்டது என்றும், பழைய கட்டடத்தின் மோசமான பகுதிகளை ஒட்டுப்போட்டு மற்றவற்றைப் புயலுக்கு விட்டுவிட வேண்டியிருக்கிறது என்றும் வெளிப்படையாகச் சொன்னார். இவ்வளவு குறையுள்ள ஒன்றை ஏன் ஏற்கிறீர்கள் என்று கேட்பீர்களானால், நான் தேவதூதர்களிடையே வாழவில்லை, மனிதர்களிடையே வாழ்கிறேன் என்பதே என் பதில் என்றார். 120க்கு 32 என்ற வாக்கில் திருத்தம் நிறைவேறியது. சமரசத்தை வெற்றியென்று பூசி மெழுகாமல், இது சமரசம் என்று அவைக்குறிப்பில் பதிய வைத்துவிட்டு வாக்களிப்பது எல்லோருக்கும் வருவதில்லை.

அவர் சமரசமே செய்துகொள்ள விரும்பாத ஒரு விஷயம் நிலம். 1865 செப்டம்பரில் லங்காஸ்டரில் ஆற்றிய உரையில் அவர் போட்ட கணக்கைப் பாருங்கள். கிளர்ச்சி செய்த மாநிலங்களில் 46.5 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது, அதில் 39.4 கோடி ஏக்கர், ஆளுக்கு 200 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் சுமார் 70,000 பேரின் கையில் இருக்கிறது. அதைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற வயதுவந்த ஆண்கள் பத்து லட்சம் பேர் என்று கொண்டு, ஆளுக்கு 40 ஏக்கர் கொடுத்தால் 4 கோடி ஏக்கர் போகும். மீதியை ஏக்கர் பத்து டாலருக்கு விற்றால் 354 கோடி டாலர் வரும்; அதிலிருந்து போர்வீரர்களுக்கும் கைம்பெண்களுக்கும் ஓய்வூதியமும், விசுவாசமாக இருந்தவர்களுக்கு நட்ட ஈடும் கொடுத்து, மிச்சத்தால் தேசியக் கடனை அடைக்கலாம். 1867இல் இதையே மசோதாவாகக் கொண்டுவந்து, உடனடி வாக்குரிமையைவிட நாற்பது ஏக்கரும் ஒரு குடிசையும் அவர்களுக்கு அதிகம் பயன்படும் என்று வாதாடினார். அவருடைய கட்சிக்காரர்களே ஏற்கவில்லை. ஆண்டையின் நிலத்தில் கூலிக்கும் குத்தகைக்கும் உழுகிறவன், ஆண்டைக்கு எதிராக எத்தனை நாள் வாக்களிக்க முடியும் என்ற கேள்வியை அவர்கள் தள்ளிப் போட்டார்கள். பங்குக் குத்தகையின் கடன் கணக்குகளும், 1870களின் வன்முறையும், பின்னர் பறிக்கப்பட்ட வாக்குரிமையும் அதற்கு விடை சொல்லின. அவரைப் பழிவாங்கும் வெறியர் என்று ஒரு தலைமுறை வரலாற்றாசிரியர்கள் எழுதியதற்கு முதன்மையான ஆதாரமே இந்தப் பறிமுதல் திட்டம்தான். எனக்கோ அவர் முன்வைத்தவற்றில் நடைமுறை அறிவு மிகுந்தது இதுவே என்று தோன்றுகிறது.

தெற்கை ஐந்து இராணுவ மாவட்டங்களாகப் பிரித்துக் கறுப்பின ஆண்களுக்கு வாக்களிக்க வழிசெய்த 1867ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செயலற்றதாக்க ஜான்சன் முனைந்தபோது மோதல் உச்சத்துக்குப் போனது. 1868 பிப்ரவரி 24 அன்று, 126க்கு 47 என்ற வாக்கில், குடியரசுத் தலைவர் ஒருவர்மீது முதன்முறையாகப் பதவி நீக்கக் குற்றச்சாட்டு நிறைவேறியது. நடக்க முடியாத அளவுக்கு நோயுற்றிருந்த ஸ்டீவன்ஸை நாற்காலியில் வைத்தே தூக்கிவந்தார்கள். செனட்டில் தன் உரையை முடிக்கக் குரல் ஒத்துழைக்காததால், மிச்சத்தைச் சக உறுப்பினர் பெஞ்சமின் பட்லர் வாசித்தார். மே 16 அன்று, ஸ்டீவன்ஸ் முன்னின்று வரைந்த பதினோராவது குற்றச்சாட்டின் மீது 35 பேர் ஜான்சனுக்கு எதிராகவும் 19 பேர் ஆதரவாகவும் வாக்களித்தார்கள். தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கு குறைந்தது.

ஆகஸ்ட் 11 நள்ளிரவில், 76ஆம் வயதில் அவர் வாஷிங்டனில் இறந்தார். காங்கிரஸ் மாளிகையின் மத்திய மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டபோது கறுப்பினப் படையினர் காவல் நின்றார்கள். லங்காஸ்டரில் கறுப்பினத்தவரை அனுமதிக்காத பெரிய கல்லறைத் தோட்டங்களைத் தவிர்த்து, ஷ்ரைனர் தோட்டம் என்ற சிறிய இடத்தை அவர் முன்னரே தேர்ந்தெடுத்திருந்தார். படைத்தவன் முன் மனிதர் அனைவரும் சமம் என்று வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியதை மரணத்திலும் எடுத்துக்காட்டவே அங்கே அடக்கமானேன் என்று அவருடைய கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல்லறையைப் பராமரிக்க லிடியா ஸ்மித் தன் உயிலில் பணம் ஒதுக்கினார்.

ஸ்டீவன்ஸின் உயிலும் அவர் வரைந்த சட்டங்களைப் போலவே ஓட்டைகளை அடைத்துக்கொண்டு செல்கிறது. லிடியாவுக்கு ஆண்டுக்கு 500 டாலர், அல்லது ஒரே தவணையில் 5,000 டாலர், எது வேண்டுமோ அவரே தேர்ந்துகொள்ளலாம். சகோதரரின் மகன் குடியை விட்டு ஐந்தாண்டு இருந்தால் சொத்தில் கால் பங்கு அவருக்கு. அந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்று. அந்த இல்லத்தில் நிறம் பார்த்துச் சேர்க்கக் கூடாது என்று எழுதியதோடு அவர் நிறுத்தவில்லை. ஏழை ஜெர்மானியர், ஐரிஷ்காரர், முகமதியர் என எவரையும் பெற்றோரின் இனத்தாலோ சமயத்தாலோ விலக்கக் கூடாது. நிறம் பாராமல் ஒரே வகுப்பில், ஒரே முறையில் கற்பிக்க வேண்டும். ஒரே மேசையில் உணவளிக்க வேண்டும். சேர்த்துக்கொண்டபின் தனி வகுப்பு, தனிப் பந்தி என்று யாரும் பிரித்துவிடாதபடி ஒவ்வொரு கதவையும் அவர் சாத்தினார். சகோதரரின் மகன் நிபந்தனையை நிறைவேற்றவில்லை. சொத்தைப் பற்றிய இழுபறி பல ஆண்டுகள் நீடித்தபின், மாநில அரசின் உதவியும் சேர்ந்து 1905இல் லங்காஸ்டரில் ஒரு தொழிற்பள்ளி உருவானது. அது இன்று தாடியஸ் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் இயங்கிவருகிறது.